ப்ளவுஸ் பார்சலோடு ஒரு கடிதம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
வெள்ளிக்கிழமை

பாப்பா,

நீ கேட்ட இரண்டு ப்ளவுஸும் தைத்தாயிற்று. நீ சொன்ன அளவையே வைத்திருக்கிறேன். போனில் இடுப்பளவைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறங்கிப் போனது. பக்கத்தில் யாராவது இருந்தார்களா, இல்லை என்னிடம் சொல்லத்தான் கூச்சமா, தெரியவில்லை. இந்தத் தெருவில் பாதிப் பெண்களின் அளவு என் நோட்டில் இருக்கிறது. முப்பது வருஷம் டேப் பிடித்தவளுக்கு 30 இஞ்ச் என்றாலும் 40 இஞ்ச் என்றாலும் துணிக் கணக்குதான். உன் விஷயத்தில் மட்டும் நான் அப்படி இருக்கவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

பொங்கலுக்கு வந்தபோது உன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எடுத்துப் பார்த்தால் மெட்ஃபார்மின் 500. நான் காலையும் ராத்திரியும் போடுகிற அதே மாத்திரை. 28 வயதில் பிள்ளைக்கு சர்க்கரை வந்துவிட்டது, என்னிடம் மறைக்கிறாள் என்று எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "சுகர் இல்லம்மா, பிசிஓடிக்கு, அந்த நீர்க்கட்டிப் பிரச்சினைக்குக் குடுத்தது" என்றாய். "அதுக்கு எதுக்கு சர்க்கரை மாத்திரை? மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்று நான் கத்தினேன். நீ போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். பொங்கல் பானை அடுப்பிலேயே ஆறிப்போனது.

நீ பொதிகை ரயிலில் ஏறிப் போன மறுவாரம், என்னிடம் சுடிதார் தைக்கும் நர்ஸம்மா வந்தார். அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து.

தையல் மிஷினில் பெல்ட் தளர்ந்துபோனால் என்ன ஆகும்? கால் மிதித்துக்கொண்டே இருக்கும், சக்கரம் பாதிதான் சுற்றும். ஒரு முழம் தைக்க இரண்டு மடங்கு மிதிக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை உடம்புக்குள் அனுப்புகிற இன்சுலின் கதையும் அதுதானாம். உடம்பு அதற்குச் சரியாக அசைந்துகொடுக்காததால் கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளுகிறது. டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை சரியாகவே இருக்கும், ஏனென்றால் கால்தான் விடாமல் மிதிக்கிறதே. எனக்கு அந்தக் கால் 44 வயதில் ஓய்ந்துவிட்டது. உனக்கு இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறது. அப்படி அதிகமாகச் சுரக்கிற இன்சுலின் சினைப்பையைப் போய் உசுப்பிவிடுகிறது. எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சமாக இருக்கிற ஆண் ஹார்மோனை அது கூடுதலாகச் சுரக்கிறது. அதனால்தான் தாடையில் முடி, முகத்தில் பரு, தலையில் முடி கொட்டுவது எல்லாம். முட்டை முழுசாக வளராமல் பாதியில் நின்றுவிடுவதால் பீரியட்ஸ் தள்ளிப்போகிறது. வயிற்றில் கொழுப்பு சேர்வதும், சேர்ந்தது லேசில் கரையாமல் அடம்பிடிப்பதும் இதே இன்சுலினால்தான். அந்தப் பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கத்தான் உனக்கு அந்தச் சர்க்கரை மாத்திரை.

நீர்க்கட்டி, நீர்க்கட்டி என்று ஊரே சொல்கிறது. அது கட்டியே இல்லையாம். பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப்பைகள்தான் ஸ்கேனில் முத்துக் கோத்தது மாதிரி தெரிகின்றனவாம். 1935-லேயே சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பார்த்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உன் அம்மாச்சி அப்போது பிறக்கவே இல்லை. எனக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அப்புறம் நர்ஸம்மா ஒன்று கேட்டார். "உங்க பொண்ணுக்குப் பின் கழுத்து கருப்பா, வெல்வெட் துணி மாதிரி இருக்குமா?"

எனக்குப் பேச்சே வரவில்லை.

நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து, பீர்க்கங்கூட்டையும் எலுமிச்சம்பழத் தோலையும் வைத்து அந்தக் கழுத்தைத் தேய்த்தேன். எரியுதும்மா என்று அழுவாய். பொம்பளைப் பிள்ளை இப்படியா அழுக்காக இருப்பது என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். அது அழுக்கு இல்லை பாப்பா. ரத்தத்தில் இன்சுலின் கூடிப்போனால் தோல் அப்படித் தடித்துக் கறுக்குமாம். அக்குளிலும் வருமாம். உன் உடம்பு பதினான்கு வயதிலேயே எழுதிக் காட்டியதை நான் தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நீ எந்தத் துணி கொடுத்தாலும் "பின் கழுத்தை ஏத்தி வைம்மா" என்றாய். ஃபேஷன் தெரியாத பிள்ளை என்று அதற்கும் கேலி செய்தேன். இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கேட்கிறேன்.

இப்போது கடைக்கு வருகிற பிள்ளைகளின் கழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். நாலைந்து பேருக்கு இருக்கிறது. அதில் இரண்டு பேர் குச்சி மாதிரி ஒல்லி. பிசிஓடி ஒல்லியானவர்களுக்கும் வருமாம். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை, உன்னைத்தான் சொன்னோம்.

எனக்கும் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு எனக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். நீ பிறக்க ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷமும் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். சஷ்டி விரதம், அரசமரம், எல்லாம் முடித்துவிட்டுத்தான் நீ வந்தாய். நீ வயிற்றில் இருக்கும்போதே எனக்கு சர்க்கரை இருந்தது. பிரசவம் ஆனதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். இது குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்று நர்ஸம்மா சொன்னார். நகை நட்டுதான் கொடுக்க முடியவில்லை, இதைக் கொடுத்திருக்கிறேன்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நீ வெள்ளரிக்காயும் கறுப்புக் காபியுமாக இரண்டு மாதம் இருந்து 6 கிலோ குறைத்தாய். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்தாய், அடுத்த நாலு மாதத்தில் 8 கிலோ ஏறியது. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? 30 நாளில் 10 கிலோ குறையும் என்று ஒரு பொடியை 2,400 ரூபாய் கொடுத்து கூரியரில் அனுப்பினேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. மிச்சம் இருந்தால் குப்பையில் போடு.

உனக்கு 78 கிலோ. 55-க்கு வர வேண்டும் என்று நீ செல்போனில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். 55 வேண்டாம். உடம்பு எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு பீரியட்ஸ் ஒழுங்குக்கு வர ஆரம்பிக்கிறதாம். உன் கணக்கில் அது 4 கிலோ. 10 சதவீதம் என்றால் 8 கிலோ. அதை ஆறு மாதத்தில் செய், ஒரு வருஷத்தில் செய், யார் அடிக்கப் போகிறார்கள்?

மெல்போர்னில் இருக்கிற மோனாஷ் பல்கலைக்கழகம் முன்நின்று பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து 2023-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறார்கள். நர்ஸம்மா அதிலிருந்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பிசிஓடிக்கென்று எந்த ஒரு டயட்டும் இன்னொன்றைவிட உசத்தி இல்லை. நம் சாப்பாட்டையே அளவும் விகிதமும் மாற்றிச் சாப்பிடலாம். இன்னொன்று, எடை பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று டாக்டர்களுக்கே எழுதியிருக்கிறதாம். சம்மதம்! நான் என்றைக்குக் கேட்டேன்? கல்யாண வீட்டுப் பந்தியில், உன் அத்தை முன்னால், நீ இரண்டாவது பூரியை எடுக்கும்போது கையைத் தட்டியவள் நான்.

சாப்பாட்டில் நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன். தட்டில் முதலில் காய் வைக்கிறேன், அப்புறம் பருப்போ முட்டையோ மீனோ, மிச்ச இடத்தில்தான் சோறு. முன்பெல்லாம் சோற்று மலைக்கு ஓரமாகப் பொரியல் ஒரு பொட்டு மாதிரி இருக்கும், இப்போது அது தலைகீழ். இட்லி என்றால் மூன்று, சாம்பார் இரண்டு கிண்ணம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று அம்மாச்சி சொல்லும். கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்காது, அதெல்லாம் சும்மா பேச்சு. ஆனால் ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் சாப்பிட்டுப் பார், மதியம் வரை பசிக்காது. சிறுதானியம் என்று இப்போது ஒரு கூத்து நடக்கிறது. வரகுச் சோறு மூன்று தட்டு தின்றால் அதுவும் மூன்று தட்டுச் சோறுதான். ராகியை மாவாக அரைத்துச் சர்க்கரை போட்டுக் கஞ்சியாகக் குடித்தாலும் சர்க்கரை சட்டென்று ஏறத்தான் செய்யும். நான் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்துத் தெரிந்துகொண்டேன். உன் பிஜி விடுதியில் ராத்திரி என்ன போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வெறும் குழம்பும் சோறும்தான். ஒரு சின்ன கெட்டில் வாங்கி அதில் இரண்டு முட்டை அவித்துக்கொள். காலையில் மட்டும் பட்டினி கிடக்காதே.

நடப்பதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் என் கதையைச் சொல்ல ஆசை. எட்டு மாதமாக அப்பாவும் நானும் விடிகாலையில் திருமுக்குளத்தைச் சுற்றிவிட்டு தேரோடும் வீதி வழியாக வீட்டுக்கு வருகிறோம். எனக்குக் குறைந்தது 2 கிலோதான். மூன்று மாத சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி டெஸ்ட்) 9.1-லிருந்து 7.3-க்கு வந்துவிட்டது, என் ப்ளவுஸ் எல்லாவற்றையும் பிரித்து ஒரு இஞ்ச் பிடித்திருக்கிறேன். தராசுக்குத் தெரியாதது டேப்புக்குத் தெரிந்திருக்கிறது. எடை நகராவிட்டாலும் நடந்தால் இன்சுலின் வேலை செய்வது நன்றாகுமாம். பெல்ட் கொஞ்சம் இறுகுகிறது என்று வைத்துக்கொள். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேண்டும், எடையும் குறைய வேண்டுமென்றால் 250 நிமிஷம். கூடவே இரண்டு நாள் கனம் தூக்குகிற பயிற்சி. பொம்பளைப் பிள்ளை கனம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று உன்னை ஜிம்முக்குப் போக விடாமல் செய்தேன் அல்லவா, அதை வாபஸ் வாங்குகிறேன். அம்மாச்சி இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று குடம் சுமந்தவள்தானே.

தராசை நாளுக்கு மூன்று தடவை ஏறிப் பார்க்காதே. பார்சலில் ஒரு புது டேப் வைத்திருக்கிறேன். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒரு தடவை அள. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். டேப்பைத் திருப்பினால் 31½ இஞ்ச். அங்கே உடனே போக வேண்டும் என்று சொல்லவில்லை, எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்தால் போதும்.

மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது என்று நீயாக நிறுத்திவிடாதே. சாப்பாட்டோடு போடு. அப்படியும் குமட்டினால் மெதுவாகக் கரைகிற வகை இருக்கிறது, டாக்டரிடம் கேள். ரொம்ப நாள் போட்டால் பி12 வைட்டமின் குறையலாம். எனக்குக் கால் மரத்துப்போனது அதனால்தான் என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். சர்க்கரையை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதையும் எடு. தைராய்டும் பார்க்கச் சொல். மூன்று மாதம் தாண்டியும் பீரியட்ஸ் வரவில்லை என்றால் 'நல்லதாப் போச்சு, தொல்லை இல்லை' என்று இருந்துவிடாதே. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், வருஷக்கணக்கில் விட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். எனக்கு இதைக் கேட்டபோது பயமாகத்தான் இருந்தது, உனக்கு மறைக்க மனசில்லை.

உன் 19 வயதில் ஒரு டாக்டரிடம் போனோமே, "கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்" என்று ஒரே வரியில் முடித்து அனுப்பினார். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். நர்ஸம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். தாலிக்கும் இன்சுலினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். குழந்தை பற்றியும் கேட்டேன், நீ கோபப்படாதே. முட்டை வளர மாத்திரை இருக்கிறது, நிறையப் பேருக்குப் பிறக்கிறது என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தரகரிடம் உன் போட்டோவைத் திருப்பி வாங்கிவிட்டேன். நீயாகச் சொல்லும்போது பார்ப்போம். அத்தை ஏதாவது கேட்டால் என்னிடம் விடு.

பால்கோவா 100 கிராம்தான் வைத்திருக்கிறேன். வழக்கம்போல ஒரு கிலோ அனுப்ப அப்பா சண்டை போட்டார். தோழிகளோடு பிரித்துச் சாப்பிடு, சாப்பிட்டுவிட்டு அழாதே. கொள்ளு இட்லிப் பொடி தனி டப்பாவில் இருக்கிறது, எள் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறேன்.

இரண்டு ப்ளவுஸுக்கும் பக்கவாட்டில் இரண்டு இஞ்ச் துணி உள்ளே விட்டிருக்கிறேன். பிடிக்கவும் பிரிக்கவும் சௌகரியமாக இருக்கும். பின் கழுத்தை நீ கேட்ட மாதிரி ஏற்றித்தான் வைத்திருக்கிறேன். இறக்கி வெட்டிவிட்டால் திரும்ப ஏற்ற வழி கிடையாது. ஏற்றி வைத்தது என்றால் என்றைக்கு வந்து கேட்டாலும் பத்து நிமிஷத்தில் இறக்கித் தந்துவிடுவேன். அப்பா பார்சலோடு வாசலில் நிற்கிறார். போட்டுப் பார்த்துவிட்டு அக்குளில் பிடிக்கிறதா என்று சொல்.

அம்மா