மாமாவுக்கு, ஒரு வருடம் கழித்து

மாமா,

நீங்கள் போய் நாளையோடு ஒரு வருடம். உங்கள் பேரனின் ஷியரிங், அதுதான் ஆட்டுக்குக் கம்பளி எடுக்கும் பயிற்சிப் படிவத்தில் நேற்று இரவு கையெழுத்துப் போட்டுவிட்டேன். நம் வீட்டில் இன்னொருவன் ஆட்டுக்கு மேல் குனியக் கூடாது என்று எங்களிடம் வாக்கு வாங்கினீர்கள். மறக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படி வாக்கு வாங்க உங்களுக்கு என்ன உரிமை என்றும் மனசு கேட்கிறது.

ஃபுட்டி, நம் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட மெல்போர்ன் கிளப் கூப்பிட்டும் நீங்கள் போகாத கதையை ஊரே சொல்லும், விடுங்கள். எனக்கு நினைவில் நிற்பது, கல்யாணமாகி வந்த புதிதில் ஹாமில்டன் பக்கம் கம்பளி எடுக்கும் ஷெட்டுக்கு நீங்கள் என்னைக் கூட்டிப்போன நாள். மெரினோ ஆட்டைப் பின்புறம் தரையில் படும்படி உட்காரவைத்து, முதலில் வயிற்றுக் கம்பளியை எடுத்தீர்கள். இடது கை முன்னால் போய்த் தோலை இழுத்துப் பிடிக்கிறது, வலது கையில் இருந்த இயந்திரம் பின்னாலேயே போகிறது. கழுத்து மடிப்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆட்டைத் திருப்பியது உங்கள் முழங்கால்தான். முதுகில் வாலிலிருந்து தலைவரை நீளமாக ஓட்டியபோது கம்பளி முழுசாக, ஒரே போர்வையாகக் கழன்று வந்தது. "எல்லாம் கால் வேலை. ஃபுட்டியிலும் அப்படித்தான். பந்து விழும் இடத்தில் கால் முதலில் இருக்கணும்" என்றீர்கள். அத்தனை அழகான வேலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்புறம் வேலை நிறுத்தும் மணி அடித்தது. நீங்கள் உடனே நிமிரவில்லை. சுவரைப் பிடித்தபடி பாதி வளைந்தே நின்றீர்கள். நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். அதைப் பற்றிக் கடைசிவரை நாம் பேசவேயில்லை.

ஆஸ்பத்திரி நாட்களை இங்கே எழுதமாட்டேன். உங்கள் மகள்கள் இதை மொழிபெயர்த்துப் படிப்பார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டியதை நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் இதைச் சொல்லத்தான் வேண்டும். 1892-இல் குயின்ஸ்லாந்தில் பிளாக்கால் பக்கம் ஜாக்கி ஹவ் கைக்கத்தரியை வைத்துக்கொண்டு 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளுக்குக் கம்பளி எடுத்த கதையை அந்தப் பையனுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்னது யார்? போட்டியில் 20 வினாடிக்கு ஒரு புள்ளி, அவசரப்பட்டுத் தோலைக் கீறினால் அதற்கும் புள்ளி, கடைசியில் குறைந்த புள்ளிதான் ஜெயிக்கும் என்று சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக் காட்டியது யார்? ஹால் முழுக்கக் கோப்பைகளை அடுக்கிவிட்டு, இந்தப் பக்கம் வராதே என்றால் பிள்ளை எதை நம்புவான்?

உங்கள் பயம் புரியாமல் இல்லை. 1991-இல் கம்பளிக்கு ஆதார விலை இல்லாமல் போனபோது, விற்க முடியாத ஆடுகளைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். நீங்கள் கம்பளி எடுத்த மந்தைகளும் அதில் இருந்தன. அதைப் பார்த்த மனிதர் இந்தத் தொழிலே வேண்டாம் என்று சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் இன்று ஷெட்டுகளில் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். முதுகைத் தாங்க ஸ்பிரிங் வைத்த பட்டை இருக்கிறது. அதை மாட்டிக்கொள்வதாகப் பையன் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான்.

நீங்களும் மனம் மாறினவர்தானே. 1983-இல் கம்பளி எடுக்கும் இயந்திரத்தில் மாட்டும் நியூசிலாந்துக்காரர்களின் அகலச் சீப்பு தொழிலை நாசமாக்கும் என்று சங்கத்தோடு வேலைநிறுத்தத்தில் நின்றீர்கள். பிறகு அதே சீப்பை மாட்டிக்கொண்டுதான் முதல் பரிசு வாங்கினீர்கள். உங்களைத் துரோகி என்று யாரும் சொல்லவில்லை. என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பையனுக்கு ஷெட்டில் முதல் வேலை. வியாழன் மாலை ஃபுட்டி பயிற்சி, இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறான். அத்தையிடம்தான் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் விளையாடிய அத்தனை வருடமும் ஆட்டுக் கம்பளிப் பிசுக்கு ஊறிய துணியையும் சேறு பிடித்த ஜெர்சியையும் துவைத்துப்போட்டது அவர்தானே.


உங்கள் மருமகள்