சாங்கியோ பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

பெரு நாடு என்றதும் மச்சு பிச்சுவோடு நின்றுவிடாமல், காஸ்மா பள்ளத்தாக்குப் பாலைவனத்தில் உள்ள சாங்கியோ என்ற பழங்காலச் சூரிய ஆய்வுக்கூடம் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். இன்கா பேரரசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், சுமார் கி.மு. 250-ல் கட்டியது. குன்றின் முதுகில் வடக்கு தெற்காக 13 கோபுரங்கள், மேற்கே குறித்த இடத்தில் நின்று பார்த்தால் ஜூனில் வடகோடியில் உதிக்கிற சூரியன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து டிசம்பரில் தென்கோடிக்குப் போய்விடுகிறது, எந்தக் கோபுரங்களுக்கு இடைப்பட்ட இடைவெளியில் உதிக்கிறது என்பதை வைத்தே ஓரிரு நாள் வித்தியாசத்தில் தேதியைச் சொல்லிவிடலாம். அஸ்தமனம் பார்க்கக் கிழக்கே தனி இடம். எழுத்தே இல்லாத மக்களின் வேலை இது! 2021-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சிறுவர் இணைப்பிதழில் படத்தோடு வந்தால் இன்னும் நல்லது.

வாசகர்,
மதுரை