செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கோபி வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புற்றுநோயாளிகளுக்கான நம் சங்கத்தின் செயற்குழு இவ்வாண்டு நான்கு முறை கூடியது. பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாளன்று பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை வழங்கினோம். பாரியூர் குண்டம் திருவிழாவையொட்டி நோயாளிகளின் ஜனவரி மாதச் சந்திப்பு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது.

"நோயாளிகளை ஓர் அறையில் உட்காரவைத்து அழவிடுவதற்கா சங்கம்?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது குறிப்பேட்டில் உள்ளது. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் இந்தச் சந்திப்பைத் தொடங்கியவன் என்ற முறையில் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். முதல் ஒரு மணி நேரம் பாடம்: கீமோ போட்டு ஒன்றிரண்டு வாரங்களில் வெள்ளையணுக்கள் குறையும் என்பதையும், அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கசாயம் வைத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் சலிக்காமல் சொல்லித்தருகிறார். அடுத்த ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டு நோயாளிகளே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

தறிக்குப் போகும் பெண் ஒருவர் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை; நான்காம் மாதம் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு, வீட்டில் அவர் தட்டு மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருப்பதற்காக. மறுமாதம் அவருடைய மாமியாரையும் வரவழைத்து, இந்நோய் கூட உட்கார்ந்து உண்பதால் தொற்றாது என்றும், மெஷினில் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று, திரும்பியவர் உடம்பிலிருந்து கதிர் எதுவும் வீசாது என்றும் விளக்கினோம். பொட்டு சுரண்டப்பட்டுவிட்டதாக அவரே வந்து சொன்னார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

"சந்திப்புக்கு வந்தால் ஆயுள் கூடும்" என்று நோட்டீஸில் அச்சிட்டால் நன்கொடை சேரும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் ஸ்பீகல் என்ற மருத்துவர் மார்பகப் புற்று முற்றிய 86 பெண்களை வைத்து 1989இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொன்னது உண்மை; ஆனால் 2001இல் வெளியான, 235 பெண்களைக் கொண்ட கனடா நாட்டு ஆய்வில் ஆயுள் கூடவில்லை, மனத்துயரும் வலியும்தான், அதிலும் துயரம் மிகுந்திருந்தவர்களுக்கே, குறைந்தன. அது போதாதா என்பதே என் கேள்வி.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருந்தன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஆண்டுச் சந்தா 300 ரூபாயைப் பாதிப்பேருக்கு மேல் இன்னும் செலுத்தவில்லை. எந்தக் கல்யாணத்திலும் மொய் எழுத மறவாதவர்கள் இதை மட்டும் மறப்பது எப்படியென்று விளங்கவில்லை. செயற்குழுவினர் ஒன்பது பேரில் சனிக்கிழமைகளில் தவறாமல் வந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவன் நான்.

மண்டபம் தந்தவர்களுக்கும், செவிலியர் அம்மாவுக்கும், நாற்காலி போட உதவிய காவலாளிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வேறொருவர் செயலாளரானால் பதிவேட்டையும் மண்டபச் சாவியையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். அதுவரை சந்திப்பு வழக்கம்போல் பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு நாற்காலி போட இரண்டு பேர் வந்தால் போதும்.

செயலாளர்