மே மாதம்தான் முக்கியம், பாப்பா

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
ஜனவரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஆடியோவை அப்பாவும் நானும் கேட்டோம். உங்கள் ஆபீசில் ஆரம்பித்திருக்கிற வழிகாட்டித் திட்டத்தில், ஊர்க்காரி என்பதால் உனக்குக் கடலூர் மாவட்டத்துப் பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேரைக் கொடுத்திருக்கிறார்கள். தாழங்குடா பையன் ஒருவன், பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. "படிப்பை விட்டுடுவாங்கன்னு ஸ்கூல்ல பயப்படுறாங்களாம், நான் என்னம்மா பேசுறது?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

கம்பெனி கொடுத்த பேச்சுக் குறிப்புகளை முதலில் ஓரமாக வை. கனவு காண், இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டு என்பதையெல்லாம் இந்தப் பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா கேட்டுக் காது புளித்துப்போனவர்கள். கனவு அவர்களுக்கு உன்னைவிட ஜாஸ்தி. மார்க் குறைவதால்தான் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதில்லை என்று ஊர் நினைக்கிறது. இத்தனை வருஷம் பிளஸ் டூ வகுப்பில் நின்றவள் சொல்கிறேன், நல்லபடியாகப் பாஸ் செய்த பிறகு நின்றுபோனவர்கள்தான் அதிகம். ரிசல்ட் வருகிற நாளுக்கும் கல்லூரி திறக்கிற நாளுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில வாரங்களில்தான் காணாமல் போகிறார்கள்.

தாழங்குடா பையனையே எடுத்துக்கொள். அப்பா விசைப்படகில் போகிறவர் என்றாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதத்தில். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பமும் மே மாதத்தில்தான். அதாவது வீட்டில் வருமானமே இல்லாத நேரம் பார்த்துத்தான் விண்ணப்பம், சான்றிதழ், புதுத் துணி, செருப்பு என்று எல்லாச் செலவும் வந்து நிற்கும். அரசு கொடுக்கிற தடைக்கால நிவாரணம் அரிசி பருப்புக்கும் பழைய கடனுக்குமே சரியாக இருக்கும். கேரளக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. அதனால் பரீட்சை முடிந்த கையோடு பையன்கள் சித்தப்பாவோடும் மாமாவோடும் அங்கே படகுக்குப் போய்விடுகிறார்கள். கையில் முதல் முறையாகக் காசு வருகிறது. ரிசல்ட் வரும்போது பையன் நடுக்கடலில் இருப்பான். கரைக்கு வந்து பார்த்தால் கடைசித் தேதி தாண்டியிருக்கும். இதில் யாரைத் திட்டுவது? ஆகவே "கேரளாவுக்குப் போகாதே" என்று உபதேசம் பண்ணாதே. அந்தக் காசு வீட்டுக்குத் தேவை. எப்போது போகிறான், எந்த நம்பரில் பிடிக்கலாம், அவன் இல்லாதபோது விண்ணப்பத்தை யார் பதிவார்கள், இதை மட்டும் மார்ச்சிலேயே பேசி வைத்துக்கொள். அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் வைத்து விண்ணப்பம் பதிந்து கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. தாழங்குடாவிலிருந்து தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரி சைக்கிளில் போகிற தூரம். வெள்ளிக் கடற்கரைக்குப் போகிற போதெல்லாம் அந்த கேட்டைத் தாண்டித்தான் போயிருப்பான். உள்ளே போயிருக்கிறானா என்று கேட்டுப் பார். வாட்ச்மேன் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் அப்பாவை அனுப்பி அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய் கேண்டீனில் டீ வாங்கிக் கொடுக்கச் சொல்கிறேன். அப்பாவுக்கும் பொழுது போகும்.

போன் நம்பர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பாதிப் பேர் இதில்தான் கவிழ்கிறார்கள். கலந்தாய்வுத் தேதி போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். விண்ணப்பத்தில் கொடுத்த சிம்முக்கு ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் அண்ணன் அந்த சிம்மை எடுத்துக்கொண்டு திருப்பூர் போயிருப்பான். மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் உயிரோடு இருக்கிற நம்பரைக் கொடுக்கச் சொல். நீ பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் அந்த ரீசார்ஜைப் போட்டுவிடு.

சரி, அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற வீடு என்றாய். முன்பு என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்தாள். கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். இருந்தாலும் தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து, தோல் உரிந்து வழுவழு என்று ஆகியிருக்கும். பரீட்சையில் நல்ல மார்க். கல்லூரியில் இடமும் கிடைத்தது. உதவித்தொகைக்கு ஆதார் சரிபார்க்கப் போனால் மிஷினில் கைரேகை விழவில்லை. துடைத்து வைத்தாள், ஈரம் தொட்டு வைத்தாள், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஓடிபி போடலாம் என்றால் ஆதாரில் இருந்தது அவள் அப்பாவின் பழைய நம்பர். அது எப்போதோ போய்விட்டது. பின்னால் நின்ற ஆட்கள் முணுமுணுக்க, அவள் கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு, "விடுங்க டீச்சர், போயிடலாம்" என்றாள். ஆதார் மையத்தில் கண்ணைப் படம் பிடித்து நம்பரை மாற்றலாம் என்று ஒரு பையன் சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. உன் பெண்ணிடம் இப்போதே கேள்: ஆதாரில் என்ன நம்பர் இருக்கிறது? அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அதில் ஆதார் இணைந்திருக்கிறதா?

ஏனென்றால் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்கில்தான் விழும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. நல்ல திட்டங்கள்தான், ஆனால் பணம் வருவது சேர்ந்த பிறகு. சேருவதற்கு முன்னால் ஆகிற செலவுக்கு அது உதவாது என்பதை யாரும் வீட்டில் சொல்வதில்லை.

அப்புறம் சான்றிதழ்கள். சாதி, வருமானம், என்ஜினியரிங் பக்கம் போவதென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். இ-சேவையில் போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போய்த் திரும்ப வேண்டும். மே, ஜூனில் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி, அதாவது வருஷாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை, வேறு நடக்கும். அதே வாரத்தில் தாலுகாவில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் போய் நிற்பார்கள். பிப்ரவரியில் போட்டால் கூட்டமே இருக்காது. சாதிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறொரு இனிஷியல் என்று இருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும். இந்த வேலையை நீ அங்கிருந்து செய்ய முடியாது. நம்பரை எனக்கு அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெண்ணிடம் பேசுவதற்கு முன்னால் அவள் அம்மாவிடம் பேசு. வீட்டில் ஒரே போன்தான் இருக்கும், யாரோ ஒரு அக்கா பெங்களூரிலிருந்து எதற்கு வாராவாரம் கூப்பிடுகிறாள் என்று சந்தேகம் வராமல் இருக்காது. நீ இன்னார் பொண்ணு, கடலூர்தான் என்று சொன்னாலே பாதிச் சந்தேகம் போய்விடும். "பதினெட்டு முடிஞ்சா ஒரு நல்ல இடத்துல பிடிச்சுக் கொடுத்துடணும்" என்று அந்த அம்மா சொன்னால் சட்டம் பேசாதே. பதினெட்டு முடிந்தால் சட்டமும் நம் பக்கம் வராது. அவள் பயம் வேறு. பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு 25 கிலோமீட்டர் பஸ்; மழைக்காலத்தில் சாயங்காலம் இருட்டிவிடும்; யாரோடு வருவாள், யார் என்ன பேசுவார்கள் என்பதுதான். அதற்கு ஊர்ப் பெண் வேறு யாராவது அதே கல்லூரியில் படிக்கிறாளா என்று விசாரித்துச் சொன்னால் போதும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வெளியூர் பஸ்ஸில் உண்டு. அந்தக் கணக்கையும் போட்டுக் காட்டு. அரசு விடுதியும் இருக்கிறது என்று சொல். முடிவெடுப்பது அம்மாவா, அப்பாவா, ஆயாவா என்பதைக் கண்டுபிடித்துக்கொள். பெரும்பாலும் ஆயாதான்.

படிப்பைப் பற்றிக் கேட்டாய். அதற்கு ஸ்கூலில் ஆள் இருக்கிறார்கள். ஒரு பாடம் போனாலும் ஒரு வருஷம் போகாது, ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டே சேரலாம் என்று மட்டும் பையனிடம் பரீட்சைக்கு முன்பே ஒரு முறை சொல்லிவை. தோற்ற பிறகு சொன்னால் காதில் ஏறாது. கணக்குப்பதிவியலில் சந்தேகம் என்றால் ஞாயிறு காலை என்னிடம் வரட்டும்.

உங்கள் திட்டம் ஜூனில் முடிகிறது என்று போட்டிருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சேர்ந்த பிள்ளைகளில் சிலர் முதல் செமஸ்டரிலேயே நின்றுவிடுகிறார்கள். பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் இங்கிலீஷில் நடத்துவதைக் கேட்டு முழித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு அரியர் விழுந்ததும், "நமக்கு இது ஆகாது" என்று தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள். அரியர் எல்லாருக்கும் விழும், அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்; உனக்கே விழுந்திருக்கிறது, கெமிஸ்ட்ரியில். அதைச் சொல். கம்பெனி திட்டத்தை முடித்துக்கொண்டாலும் நீ அடுத்த ஜனவரி வரை போன் பண்ணிக்கொண்டிரு.

மாப்பிள்ளையிடம் கோடை லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று திட்டம் போட வேண்டாம் என்று சொல். மே இரண்டாவது வாரம் இரண்டு பேரும் இங்கே வாருங்கள். அவர் விண்ணப்பங்களை லேப்டாப்பில் பதியட்டும், நீ பண்ருட்டிக்குப் போய் அந்த ஆயாவைப் பார்த்துவிட்டு வா. வரும்போது பலாப்பழம் வாங்கிக்கொள், அப்போதுதான் சீசன்.

அன்புடன்,
அம்மா