அவை ஒத்திவைப்பு வேறு, கூட்டத்தொடர் முடிவு வேறு

ஆசிரியருக்கு,

வணக்கம். சட்டமன்றம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டால் மறுநாளே ‘கூட்டத்தொடர் முடிந்தது’ என்று தலைப்பு வந்துவிடுகிறது. உங்கள் நாளிதழிலும் அப்படித்தான். அவையை ஒத்திவைப்பவர் பேரவைத் தலைவர். அவரே மறுபடியும் கூட்டிக்கொள்ளலாம். கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் 174வது பிரிவின்படி ஆளுநருக்குத்தான். அவர் முடித்துவைத்துவிட்டால், அடுத்த தொடருக்கு அழைப்பும் அவர் பெயரில்தான் வரவேண்டும்.

சட்டப் புத்தகத்து நுணுக்கம்தானே என்று தள்ளிவிட முடியாது. பஞ்சாபில் 2023 மார்ச்சில் பட்ஜெட் தொடரைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள். முடித்துவைக்கும் உத்தரவு வரவில்லை. ஜூன் 19, 20 தேதிகளில் பேரவைத் தலைவர் அவையைக் கூட்ட, நான்கு மசோதாக்கள் நிறைவேறின. அந்தக் கூட்டமே சட்டப்படி சரியில்லை என்றார் ஆளுநர் பன்வாரிலால் புரோஹித் (ஆமாம், முன்பு சென்னை ராஜ்பவனில் இருந்தவரேதான்). மசோதாக்கள் அப்படியே கிடந்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு நவம்பர் 10 அன்று, ஜூன் கூட்டம் செல்லும், அதை ஏற்றுக்கொண்டு ஆளுநர் மசோதாக்கள் மீது முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இதனால் பஞ்சாப் அரசு செய்தது மெச்சத்தக்கது என்று நான் சொல்ல வரவில்லை. ஆளுநரிடம் போய் நிற்க வேண்டாம் என்று ஒரு தொடரை மாதக்கணக்கில் முடிக்காமல் இழுப்பது குறுக்கு வழிதான். சட்டம் இடம் கொடுக்கிறது, அவ்வளவே.

அப்புறம் அவசரச் சட்டம், அதாவது பேரவையில் நிறைவேற்றாமலே ஆளுநர் பிறப்பிக்கும் சட்டம். பேரவையின் கூட்டத்தொடர் நடப்பில் இருக்கும்போது அதைப் பிறப்பிக்க முடியாது. வெறும் ஒத்திவைப்பு அதற்குப் போதாது. தொடரை முடித்துவைத்தாக வேண்டும். ஆகவே ஒரு தொடர் அவசர அவசரமாக முடித்துவைக்கப்பட்டால், அடுத்து ஏதாவது அவசரச் சட்டம் வரப்போகிறதா என்று செய்தியாளர்கள் விசாரிக்க வேண்டாமா? பத்திரிகைகள் அன்றைய தலைப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாக எழுதிவிடுவதால், பிறகு வரும் ஆளுநரின் உத்தரவை யாரும் கவனிப்பதில்லை.

பேரவை ஒத்திவைக்கப்பட்ட அன்று ‘ஒத்திவைப்பு’ என்று மட்டும் போடுங்கள். ஆளுநரின் உத்தரவு வெளியானதும் அது எந்தத் தேதியிட்டது என்பதை உள்பக்கத்தில் நாலு வரியிலாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை