அப்பாவுக்கு, ஒட்டாவாவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் பாதி காதில் விழவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் நானும் எழுதிவிடுகிறேன். நலமாக இருக்கிறேன். நவம்பரிலேயே நாலரை மணிக்கு இருட்டிவிடுகிறது. அறை மாறிவிட்டேன். சின்னதுதான், ஆனால் சூடாக இருக்கிறது. பக்கத்து அறையில் ஒரு பிரெஞ்சுக்காரர். நான் கருவாடு வறுத்தால், இந்தக் குளிரிலும் எழுந்து போய் சன்னலைத் திறந்து வைப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார், நல்ல மனிதர்.

நம் பாம்பன் கடல்மேல் இருக்கிற பழைய ரயில் தூக்குப் பாலத்தைப் பிரிக்கப் போவதாகப் பேச்சு என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பெயின்ட் வாளியோடு அதில் தொங்கின ஆளுக்கு வருத்தம் இருக்கும்தான். இங்கே நான் வேலைக்குப் போகிற வழியே ஒரு பழைய ரயில் பாலம். ஒட்டாவா ஆற்றின் மேல் 1880-ல் கட்டியது. நம் பாலம் 1914, அப்படியானால் இது அதற்கு அண்ணன். ரயில் நின்றுபோய் வெகுகாலம் துருப்பிடித்துக் கிடந்ததாம். 2005-ல் மாநகராட்சி வாங்கியது, அப்புறமும் சும்மாதான் கிடந்தது. 2023 ஆகஸ்டில்தான் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட்டார்கள். வேல்ஸ் இளவரசர் பெயரை எடுத்துவிட்டு, வில்லியம் கமாண்டா என்ற பூர்வகுடிப் பெரியவரின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நம் பாலத்தில் தண்டவாள ஸ்லீப்பர் கட்டைகளின் சந்தில் கீழே தண்ணீர் ஓடுவது தெரியும், தலை சுற்றும் என்பீர்களே, இங்கே அந்தச் சந்தெல்லாம் தெரியாமல் மரப்பலகை பாவியிருக்கிறார்கள். ரயிலையே தாங்கினதுக்கு ஆள் பாரம் எம்மாத்திரம்? ஆனாலும் இரும்பையும் கல் தூண்களையும் பழுது பார்த்துத்தான் ஆட்களை விட்டார்கள். இது ஆறு. நம்முடையது கடலில் 2 கிலோமீட்டருக்கு மேல், உப்புக்காற்று தின்ற இரும்பு. அதைக் காப்பாற்றுவது லேசில்லை என்று நீங்களே சொல்வீர்கள். இருந்தாலும், ரோட்டுப் பாலத்தில் டூரிஸ்ட் வேனுக்கு ஒதுங்கி ஒதுங்கி மீன் பெட்டியோடு சைக்கிள் மிதிக்கிற சித்தப்பாவை நினைத்தால், கரையோரம் கொஞ்ச தூரமாவது விட்டுவைக்கலாமே என்று தோன்றுகிறது.

பஸ் பாஸ் எடுக்கவில்லை, சைக்கிள் உடம்புக்கு நல்லது. பனி விழுந்தால் ரோட்டில் உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள், அதில் கார்களின் அடிப்பக்கம் துருப்பிடிக்கிறது. பார்த்தால் உங்களுக்குக் கை துறுதுறுக்கும்.

நடுப்பாலத்தில் நம் ஊர் மாதிரியே காற்று அடிக்கும், ஆனால் ஒரு வாசமும் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாமலே அங்கே போய் நின்றேன். நீங்கள் டியூட்டி முடிந்து வருவதற்காக நானும் அக்காவும் பாம்பன் ஸ்டேஷனில் நிற்போமே, அந்த நினைப்பு. வந்துவிடலாம் போல இருந்தது அப்பா.

சரி, அதை விடுங்கள். தம்பி வலைக்குப் பணம் கேட்டிருக்கிறான். தை பிறக்கட்டும், அனுப்புகிறேன். அதுவரை வட்டிக்கு வாங்க வேண்டாம், அக்கா நகையைக் கேட்கவே கூடாது என்று சொல்லுங்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுதுங்கள். மதுரைக்குப் போக வேண்டியிருந்தால் மாமாவை அனுப்புங்கள், முழங்கால் வலியோடு நீங்கள் அலைய வேண்டாம். அக்கா மகள் சடங்குக்கு நான் வராவிட்டாலும் தாய்மாமன் சீர் குறையக் கூடாது; பட்டுப் புடவையை அம்மாவே பார்த்து எடுக்கட்டும், விலையை மட்டும் முதலில் எனக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
சேகர்