பெரியம்மையின் நோட்டுகள்

தக்கலை
ஆனி 20

அன்பு மக்கா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. வர முடியவில்லையே என்று இவ்வளவு மனம் நோக வேண்டாம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகாதவன் பம்பாயிலிருந்து எப்படி வருவாய்? பெரியம்மை இருந்திருந்தால் அவளே உன்னைக் கட்டிலை விட்டு இறங்க விட்டிருக்க மாட்டாள்.

பெரியம்மையின் அடியந்திரச் சடங்கு முந்தாநாள் முடிந்தது. விடாத சாரல். முற்றத்தில் போட்ட பந்தல் ஒழுகி, வந்தவர்களைத் திண்ணையிலும் அடுக்களையிலுமாக உட்கார வைத்தோம். 86 வயது. நடமாட்டத்தோடு இருந்தாள், இரண்டு நாள் படுத்தாள், போய்விட்டாள். பேறு பார்க்கப் போகிறவள் மாதிரி அவசரம்.

எதைச் சொல்ல, எதை விட என்று தெரியவில்லை. நாம் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, 1980-இல், உலகத்தை விட்டே பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று சார் வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு நோயின் பெயர். நமக்கு வீட்டில் சோறு போடுகிறவளின் பெயர். சாயங்காலம் இரண்டு பேரும் ஓடி வந்து அவளிடம் சொன்னோம். நம் இடது கையைப் பிடித்து அம்மை குத்திய தழும்பைத் தடவிக்கொண்டே, "அந்தப் பெரியம்மையை விரட்டினதுல இந்தப் பெரியம்மைக்கும் பங்கு உண்டு மக்களே" என்றாள். 36 வருஷ நர்ஸ் வேலையில் அவள் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அம்மை குத்துகிறவர்களோடு வீடு வீடாகப் போனதையும், பத்தாயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்த பிள்ளைகளைப் பேசி வெளியே கொண்டுவந்ததையும் வேறு ஆட்கள் சொல்லித்தான் கேட்டேன்.

1956 நவம்பரில் நம்முடைய நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவளுக்கு வயது 18. தாத்தா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். கீழே நாலு பேர், அதில் மூத்தவள் என் அம்மை. நர்ஸ் படிப்புக்குப் போனது ஆசையினால் அல்ல, சீக்கிரம் சம்பளம் வரும் என்பதால்தான் என்று அம்மை சொல்லுவாள். 1960-இல் வேலைக்குச் சேர்ந்தாள். நாலு பேரையும் கரையேற்றி முடித்தபோது அவளுக்குக் கல்யாண வயது தாண்டியிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் வேலைக்கு வந்த காலத்தில் ஊருக்கு ஊர் வயத்தாட்டிமார்தான் பேறு பார்த்தார்கள். பலரும் நல்ல கைப்பாங்கு உள்ளவர்கள். ஆனால் தொப்புள்கொடியைக் கையில் கிடைத்த கத்தியால் அறுப்பார்கள். பிறந்து ஒரு வாரத்தில் பிள்ளைக்கு வாய் அடைத்துக்கொள்ளும், பால் இறங்காது, இழுப்பு வந்து போய்விடும். பெரியம்மை அவர்களோடு சண்டை போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். புது பிளேடும் கொதிக்க வைத்த நூலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கர்ப்பிணிகளைத் தேடிப் போய், அந்த ரணஜன்னி வராமல் தடுக்கிற டி.டி. ஊசி இரண்டு போட்டாள். பச்சைப் பிள்ளைகளின் அந்த நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் செய்தி வந்தபோது, பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சடங்குக்கு வந்தவர்களில் ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் தோட்டமலைக் காணிக்காரர், மலைப் பழங்குடிக்காரர். நாற்பது வயது இருக்கும். முதல் வள்ளத்தில் அணையைத் தாண்டி, பஸ் பிடித்து, ஒரு குப்பி மலைத்தேனோடு வந்திருந்தார். படத்துக்கு முன்னால் தேனை வைத்துவிட்டு, "இவங்க கையிலதான் நான் விழுந்தேன்" என்றார். அவருடைய அம்மைக்கு வலி எடுத்துக் கூட்டிக்கொண்டு வரும்போது, நடுத்தண்ணீரில் வள்ளத்திலேயே பிறந்தாராம். மழையாம். துடுப்புப் போட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடையை மட்டும் பின்பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தாராம். பெரியம்மை மலைப்பக்கம் வேலை பார்த்த வருஷங்களில் வாரம் இரண்டு நாள் அந்தத் தண்ணீரைத் தாண்டுவாள். நீச்சல் தெரியாது.

அவளுக்குக் கசப்பும் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மாசம் இத்தனை கேஸ் என்று கணக்குக் கேட்ட காலத்தில், ரத்தமே இல்லாமல் வெளிறிக் கிடந்த ஒரு பெண்ணை ஆபரேஷனுக்குக் கூட்டி வரமாட்டேன் என்று மீட்டிங்கில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். மேலே இருந்த ஒருவர் அதை மறக்கவில்லை. வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்துக்கு மாற்றல் வந்தது. 1996-இல் ஓய்வு பெற்றபோது, முதல் நாலு வருஷத் தற்காலிகப் பணியைப் பென்ஷனில் சேர்க்க அலைந்து அலைந்து நடக்கவில்லை. இரண்டும் அநியாயம். அவளை ஊர் வணங்கியது உண்மைதான், ஆனால் அந்த நாலு வருஷமும் அவள் நடந்த நடைதானே.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆனவள், மத்தியானம் குளச்சலுக்குக் கிளம்பிவிட்டாள். பை, டார்ச், பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி. ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தாள். எதுவும் சொல்லவில்லை, குளித்துவிட்டுத் தூங்கினாள்.

சரி, நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அடியில் பதினொரு நோட்டுகள் இருந்தன. ஆபீஸ் ரிஜிஸ்டர் இல்லை, அவளே கோடு போட்டு எழுதியவை. முதல் நோட்டில் பாதி மலையாள எழுத்து, பாதி தமிழ். தேதி எல்லாம் கொல்லம் ஆண்டில். ஒவ்வொரு வரியிலும் முதலில் தாயின் பெயர், கொட்டை எழுத்தில். புருஷன் பெயர் கீழே பொடியாக. பிறகு பிள்ளை, எடை, குறிப்பு. சில வரிகளில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கிறது. அந்த வீடுகளை எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கங்களை வேகமாகத் திருப்பிவிட்டேன்.

1144 கார்த்திகையில், அதாவது 1968 கடைசியில், உன் அம்மை பெயர் இருக்கிறது. வயது 19, தலைப்பேறு. "ஆண். 2 கிலோ 100. பால் இழுக்கவில்லை." அடுத்த நாள் தேதி போட்டு, "இல்லை." மூன்றாம் நாள், "சங்கில் கொடுத்தேன். ராத்திரி அங்கேயே." நாலாம் நாள், "இழுத்துக் குடிக்கிறான்."

பதினொரு நோட்டையும் பார்த்துவிட்டேன் மக்கா. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் "குடிக்கிறது" என்றுதான் எழுதியிருக்கிறாள்.

கால் சரியானதும் வா. அந்த நோட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டுக்காரன்